தேய்ந்த சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றுவது: பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு வேகமான காரை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் முதலில் செலவு செய்வது எக்ஸாஸ்டுக்கு. அடுத்தது வீல். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ரப்பர் புஷ்கள் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடைசியில் "இந்தக் காரைப் பற்றி எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்களே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று விற்றுவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அந்தக் கார் எப்படி ஓட வேண்டுமோ அப்படி அவர்கள் ஒரு நாள்கூட ஓட்டிப் பார்த்ததில்லை. என் கார்களிலும் நண்பர்களின் கார்களிலும் இந்த வேலையைச் செய்தபோது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சத்தம் எதுவும் இல்லை. அப்படியும் சஸ்பென்ஷன் தேய்ந்திருக்குமா?

தேய்ந்திருக்கும். ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் போய்விடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் குறையும்போது ஓட்டுபவரும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறார். வளைவுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார், ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்துவார், அது பழக்கமாகிவிடும். தினமும் ஓட்டுபவருக்குத் தெரியாதது, எப்போதாவது ஏறும் நண்பருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது இவைதான். வேகமாகப் போகும்போது ஒரு மேடு ஏறி இறங்கினால் கார் ஒரே தடவையில் அமர வேண்டும். இன்னொரு முறை எழும்பினால் ஷாக் சோர்ந்துவிட்டது. பிரேக்கை அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் எல்லோரும் டிஸ்க்கைத்தான் சந்தேகிப்பார்கள். டிஸ்க் மாற்றியும் நடுக்கம் போகவில்லை என்றால், லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கை) பின்பக்க புஷ்ஷைப் பாருங்கள். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் தானாகக் கொஞ்சம் திரும்புவது போல இருந்தால் பின் ஆர்ம் புஷ். பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 இந்த விஷயத்தில் பேர்போன கார். பின் ட்ரெயிலிங் ஆர்ம் புஷ் தளர்ந்துவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு டோ, விடும்போது வேறொரு டோ. டோ என்றால், மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம். பின்சக்கரமே தனியாக ஸ்டீயரிங் பிடிப்பது போல இருக்கும்.

டயரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. இடைவெளி விட்டுக் குழி குழியாக இருந்தால், டயர் ரோட்டில் அழுந்தாமல் துள்ளியிருக்கிறது. அதற்கு முதல் சந்தேகம் ஷாக் மேல்.

காரின் மூலையைக் கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. பெர்ஃபார்மன்ஸ் காரின் ஸ்பிரிங் கெட்டியானது, கையால் அழுத்தினால் சரியாக அசையவே அசையாது. ஷாக் முழுக்கச் செத்துவிட்டதா என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை காட்டும். பாதி பலம் போனதைக் காட்டாது.

எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்?

கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல. ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படைகிறது. இருபது வருடத்தில் 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரில், பார்க்கப் பளபளப்பாக இருந்த புஷ் எல்லாம் வெடித்துக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். ஷாக் விஷயத்தில் 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ட்ராக்கில் ஓட்டும் கார் என்றால் அதற்கு வெகு முன்பே.

'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. எந்தப் பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் அவசரப்பட்டுத்தான் நிறையப் பேர் தேவையில்லாத பாகங்களை வாங்குகிறார்கள். சத்தம் எங்கே என்பதைவிட எப்போது வருகிறது என்று முதலில் எழுதி வையுங்கள்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் லொடலொட என்று வந்தால், பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) லிங்க் ராட். உறுதி செய்ய எளிய வழி உண்டு. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு, தொங்கும் பாரும் லிங்க்கும் எதிலும் உரசாதபடி கட்டிவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார். லிங்க் இல்லாமல் கார் வளைவில் அதிகமாகச் சாயும், அதனால் வேகமே கூடாது.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் விடுபடும் சத்தம் வந்தால், ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) மேல் மவுண்டில், அதாவது அதை உடலோடு பிடிக்கும் தாங்கியில், உள்ள பேரிங் இறுகிவிட்டது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் கை வைத்தால் அது சீராகச் சுழலாமல் முறுக்கேறி முறுக்கேறித் துள்ளுவது தெரியும். சுருள்களுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள்.

பிரேக் போடும்போது ஒரே ஒரு 'டக்', ரிவர்ஸில் நிறுத்தும்போது இன்னொரு 'டக்' என்றால் ஆர்ம் புஷ் அல்லது தளர்ந்த போல்ட்.

அடுத்து சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இடைவெளி தெரிந்தால் பால் ஜாயின்ட்டாகவும் (ஆர்மின் முனையில் உள்ள பந்து மூட்டு) இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடதும் வலதுமாக ஆட்டும்போது மட்டும் இடைவெளி இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு) பக்கம் பாருங்கள்.

புஷ்ஷைப் பார்க்க நல்ல டார்ச்சும் ஒரு நெம்பு கம்பியும் வேண்டும். வெளிவிளிம்பில் மேலோட்டமான வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். கம்பியை வைத்து மெல்ல நெம்பும்போது நடு இரும்புக் குழாயை ஒட்டிப் பிறை வடிவத்தில் ரப்பர் வாய் திறந்தால், அது கிழிந்துவிட்டது. சில கார்களின் லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அது உடைந்தால் ஆர்மின் அடியில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒரு கோடு வழிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருக்கும். எஞ்சின் ஆயில் கசிவு என்று துடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விரலால் தொட்டு, அது மேலே எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று தேடுங்கள்.

ஷாக்கில் எண்ணெய் தெரிகிறது. உடனே மாற்ற வேண்டுமா?

ஷாக்கின் கம்பி உடம்புக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி லேசான ஈரப்படலம், அதில் கொஞ்சம் தூசி என்றால் அது சாதாரணம். சீல் தன்னை ஈரமாக வைத்துக்கொள்ளத்தான் செய்யும். எண்ணெய் உடம்பு வழியாகக் கீழ்வரை ஓடியிருந்தால் மாற்றுங்கள்.

கழற்றிய பிறகு இன்னொரு சோதனை. ஒற்றைக் குழாய் வகை கேஸ் ஷாக்கில் 20 முதல் 30 பார் வரை அழுத்தம் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 20, 30 மடங்கு) இருக்கும், உள்ளே தள்ளினால் கம்பி தானாகவே முழுக்க வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் கேஸ் போய்விட்டது. இரட்டைக் குழாய் வகையில் அழுத்தம் குறைவு, மெதுவாக வருவதை வைத்து அதைக் குறை சொல்ல முடியாது. அதில் வேறொன்று பார்க்க வேண்டும்: படுக்க வைத்திருந்த புது ஷாக்கை நிமிர்த்தி, நான்கைந்து தடவை முழு நீளத்துக்கு அழுத்தி இழுத்து, உள்ளே இடம் மாறிய காற்றை வெளியேற்றிய பிறகே காரில் மாட்ட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா?

ஷாக், ஸ்பிரிங், புஷ் இவற்றை ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். கல்லில் மோதி வளைந்த ஆர்ம், தளர்ந்த ஒரு லிங்க் போன்றவற்றுக்கு ஒற்றைப் பக்கம் போதும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற வசதியில்லை. எதை முதலில் செய்வது?

முதலில் பாதுகாப்பு: பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், உடைந்த ஸ்பிரிங். இவற்றைத் தள்ளிப் போடவே கூடாது. அடுத்தது ஆர்ம் புஷ்கள். ஷாக் அதற்குப் பிறகு. புது ஷாக்கைப் போட்டுவிட்டு புஷ்ஷைப் பழையதாகவே விட்டால், சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கும் என்றே தெரியாத காரில் விலையுயர்ந்த ஷாக் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆனால் ஸ்ட்ரட்டைக் கழற்றும் நாள் வந்துவிட்டால் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அழுந்தும்போது அடியைத் தாங்கும் மெத்தை), தூசி உறை, ஸ்பிரிங்கின் ரப்பர் தாங்கி எல்லாவற்றையும் அன்றே புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்தச் சின்னப் பாகங்களுக்காக இன்னொரு முறை ஸ்பிரிங்கை இறுக்கிக் கழற்றுவது வீண் வேலை, ஆபத்தும்கூட. பம்ப் ஸ்டாப் பொடிப்பொடியாக உதிர்ந்த காரில் பெரிய குழியின் அடி முழுவதும் ஷாக்குக்கே போகிறது.

ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேனா, உலோகப் பந்து மூட்டா?

சாலையில் ஓடும் காருக்கு என் பதில் புது ரப்பர்தான். கம்பெனி போட்ட அதே வகை. பழைய கிழிந்த ரப்பரோடு ஒப்பிட்டுத்தான் எல்லோரும் பாலியூரித்தேனைப் புகழ்கிறார்கள். புது ரப்பரோடு ஒப்பிட்டவர்கள் மிகக் குறைவு.

காரணம் இருக்கிறது. ரப்பர் புஷ் ஒரே நேரத்தில் சுழலவும், சாயவும், முன்பின் கொஞ்சம் நகரவும் இடம் கொடுக்கும். அந்தச் சின்ன நகர்வைக் கணக்கில் வைத்தே பல கார்களில் பின்சக்கரத்தின் டோ பிரேக் போடும்போது உள்நோக்கித் திரும்பி காரை நிலைநிறுத்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒரே அச்சில் மட்டும் சுழலும் இடங்களில் பாலியூரித்தேன் அருமையாக வேலை செய்யும், ஸ்டெபிலைசர் பாரின் புஷ் போல. பல திசையில் முறுக வேண்டிய ஆர்மில் போட்டால் அது கொடுக்காது, பிடித்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் அசைவுக்கே தடையாகும். கிரீஸ் காய்ந்ததும் கதவுக் கீல் போலக் கிறீச்சிடும்.

உலோகப் பந்து மூட்டு துல்லியத்தில் முதலிடம். ட்ராக்கிலேயே வாழும் காருக்கு அதுதான். சாலையில் தூசியும் தண்ணீரும் அதைத் தின்றுவிடும், ஒவ்வொரு கல்லின் சத்தமும் உள்ளே கேட்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் கெட்டியானது வேண்டும் என்றால், கம்பெனியே தன் வேகமான மாடலுக்குப் போட்ட கெட்டி ரப்பர் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா?

ஆர்மில் பால் ஜாயின்ட்டும் சேர்ந்தே இருந்தால் முழு ஆர்ம் நல்லது. புஷ்ஷை மட்டும் மாற்ற பிரஸ் வேண்டும், சரியான அளவுக் குழாய்களும் வேண்டும். அலுமினிய ஆர்மில் சாய்வாக அழுத்தினால் துளை கீறிக்கொள்ளும். பழைய புஷ் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயின்டால் குறி வையுங்கள். பல புஷ்களில் ரப்பருக்குள் வெற்றிடங்கள் உண்டு. அவை எந்தத் திசையை நோக்கி இருக்கின்றன என்பதில்தான் எந்தப் பக்கம் மென்மை, எந்தப் பக்கம் கெட்டி என்பது இருக்கிறது.

இதோடு சேர்த்து காரைத் தாழ்த்திவிடலாமா?

பழைய ஷாக்கின் மேல் தாழ்வான ஸ்பிரிங் போடாதீர்கள். ஷாக்கின் அசைவு தூரம் குறைந்துவிடும், பம்ப் ஸ்டாப்பின் மேலேயே கார் ஓடும். தாழ்வான ஸ்பிரிங்குக்கென்று குட்டையான உடம்போடு ஷாக் தயாரிக்கிறார்கள். பில்ஸ்டீனில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய காருக்கு. என் ஆலோசனை, முதலில் கார் பிறந்த உயரத்திலேயே எல்லாவற்றையும் புதிதாக்கி ஒரு வருடம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

என் காரில் எலக்ட்ரானிக் ஷாக். சாதாரண ஷாக் போடலாமா?

போடலாம். ஆனால் ஷாக்கின் வயரைக் கழற்றியதும் கார் எச்சரிக்கை விளக்கைப் போடும். அதற்கென்று மின்தடைக் கருவிகளோ, கம்ப்யூட்டரில் அந்த வசதியை நீக்கும் முறையோ தேவைப்படும். எலக்ட்ரானிக் வகைகளில் ஒன்றான காந்தத் திரவ ஷாக்குகள் (உள்ளே உள்ள திரவம் காந்தப்புலத்தால் கெட்டியாகும்) 2002-ல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதன்முதலாக வந்தன, அடுத்த ஆண்டே கொர்வெட்டுக்கும் வந்தன. அவை நன்றாக வேலை செய்யும்போது ஓட்டியவர்கள் எளிதில் விட மாட்டார்கள். முடிந்தால் அதே வகையையே போடுங்கள்.

இந்த வேலையை நானே செய்யலாமா?

பொறுமையும் இடமும் இருந்தால் செய்யலாம், ஸ்பிரிங் ஒன்றைத் தவிர. ஸ்ட்ரட்டில் அடைபட்டிருக்கும் ஸ்பிரிங்கில் நூற்றுக்கணக்கான கிலோ விசை இருக்கிறது. கொக்கி போட்டு இறுக்கும் மலிவான கருவி நழுவினால் எலும்பை உடைக்கும், உயிரையும் எடுக்கும். ஸ்ட்ரட்டை நீங்கள் கழற்றி, ஸ்பிரிங்கைப் பிரித்து மாட்ட மட்டும் சுவரில் பொருத்திய கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஸ்பிரிங்கை இறுக்காமல் மேல் நட்டைத் தொடவே தொடாதீர்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஏபிஎஸ் வயரை முதலிலேயே கழற்றிவிடுங்கள். பால் ஜாயின்ட்டைப் பிரிக்க ஆப்பு போன்ற முட்கரண்டியை அடித்தால் அதன் ரப்பர் உறை கிழியும். அந்தப் பாகத்தைத் திரும்பப் போடுவதாக இருந்தால் திருகி அழுத்தும் கருவியையே பயன்படுத்துங்கள்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறதே?

இரண்டு நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெயைப் போட்டு ஊறவிடுங்கள். இறுக்கும் திசையில் ஒரு இம்மி, கழற்றும் திசையில் ஒரு இம்மி என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் ஆடி ஏ4 பி5-ல் மேல் ஆர்ம்களைப் பிடிக்கும் குறுக்கு போல்ட் அலுமினியத்தோடு இறுகிப் போவதும், ஹோண்டா எஸ்2000-ல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) போல்ட் புஷ்ஷின் குழாயோடு ஒட்டிக்கொள்வதும் அந்தக் கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கார் என்றால் புது போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

புஷ் போல்ட்களை எப்போது இறுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ரப்பர் புஷ்ஷின் உட்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டப்பட்டவை. போல்ட்டை இறுக்கியதும் உட்குழாய் உடலோடு பூட்டிக்கொள்கிறது. அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவது எல்லாம் ரப்பரின் முறுக்கத்தில்தான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. காரைத் தரையில் இறக்கியதும் ஒவ்வொரு புஷ்ஷும் நிரந்தரமாக முறுக்கப்பட்டே நிற்கும். நின்றுகொண்டிருக்கும்போதும் அதற்கு ஓய்வு கிடையாது.

என் முதல் காரில் இரண்டு லோயர் ஆர்மையும் புதிதாகப் போட்டேன். கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சில் (இறுக்கும் விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டும் ஸ்பேனர்) சரியான அளவுக்கு இறுக்கினேன். கீழே இறக்கியபோது முன்பக்கம் ஒரு விரல் அளவு உயரமாக நின்றது. போகப் போக அமரும் என்று விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் பிரேக் நடுக்கம் திரும்பிவிட்டது. கழற்றினால், புத்தம் புது ரப்பர் குழாயை ஒட்டி வட்டமாகப் பிய்ந்திருந்தது. பாகத்தில் ஒரு குறையும் இல்லை, நான் இறுக்கிய நேரம்தான் தவறு.

இப்போது நான் செய்வது: எதையும் கழற்றுமுன், கார் சமதரையில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்கிறேன். புதுப் பாகங்களை மாட்டி போல்ட்களைக் கையிறுக்கமாக விட்டு, ஹப்பின் (சக்கரம் மாட்டும் மையப் பாகம்) அடியில் ஜாக்கி வைத்து அதே அளவு வரும்வரை தூக்குகிறேன். அப்போதுதான் கடைசி இறுக்கம். தூக்கும்போது கார் ஸ்டாண்டிலிருந்து கிளம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சரிவுப் பலகை இருந்தால் நான்கு சக்கரத்திலும் நிறுத்தியே இறுக்கலாம், அது இன்னும் நல்லது. சுதந்திரமாகச் சுழலும் வகை பாலியூரித்தேன் புஷ்ஷுக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் இந்தக் கவலை இல்லை.

பழைய போல்ட்களையே திரும்பப் போடலாமா?

டார்க்குக்கு மேல் இத்தனை டிகிரி திருப்பவும் என்று சொல்லியிருக்கும் போல்ட்கள் பெரும்பாலும் ஒரு முறைக்குத்தான், நீண்டுவிடும். அலுமினிய போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டும் அப்படியே. மற்றவற்றை மரை சுத்தமாக இருந்தால் போடலாம். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று கடையில் கிடைத்த போல்ட்டைப் போடாதீர்கள். தலையில் உள்ள எண் போல்ட்டின் வலிமையைக் காட்டும்; 10.9 என்று இருந்த இடத்தில் வலிமை குறைந்த 8.8 போடுவது குற்றம் என்றே சொல்வேன்.

அலைன்மென்ட் கட்டாயமா? கழற்றிய இடத்திலேயே குறி வைத்து மாட்டிவிட்டேனே?

கட்டாயம். குறி, கடைவரை ஓட்டிப் போக உதவும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் 0.1 டிகிரி டோ தவறினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறக்குறைய 1.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. புது ஸ்பிரிங் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்த பிறகு இறுதி அலைன்மென்ட் செய்யுங்கள்.

நான்கு சக்கரத்துக்கும் செய்யச் சொல்லுங்கள், முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுத் தாளையும் கேளுங்கள். திரையில் பச்சை வந்தால் போதும் என்று விட வேண்டாம். கம்பெனி தரும் வரம்பு அகலமானது, இடது வலது இரண்டும் பச்சையாக இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று மாறுபட்டு நிற்கலாம். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் நான்கு மூலையிலும் கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) திருத்த முடியும், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யமாக்க வேண்டிய கார்களில் அதையும் செய்ய வேண்டும், ஹெட்லைட் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் மாற்றியும் சத்தம் இருக்கிறதே?

முதலில் நீங்கள் தொட்டவற்றையே பாருங்கள். ஷாக்கின் மேல் நட் முழுக்க இறுகவில்லை, ஸ்பிரிங் முனை அதன் பள்ளத்தில் உட்காரவில்லை, லிங்க் ராட் நட் தளர்வு: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. சில சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ கார்களில் உள்ள தலைகீழ் ஸ்ட்ரட், உள்ளே கிரீஸ் காய்ந்தாலே தட்டும். அதைக் கழற்றி கிரீஸ் போட்டால் சரியாகிவிடும்.

வேலை முடிந்ததும் உடனே வேகமாக ஓட்டிப் பார்க்கலாமா?

முதல் நாள் வேண்டாம். காலியான ரோட்டில் மெதுவாகத் தொடங்கி, பிரேக், ஸ்டீயரிங் இரண்டையும் சோதித்துவிட்டு வீடு திரும்புங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட் உட்பட நீங்கள் தொட்ட எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் வைத்து ஒரு முறை சரிபாருங்கள். நான் இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் மேலும் ஒரு கோடு பெயின்ட் போட்டுவிடுவேன். அந்தக் கோடு போல்ட்டிலும் ஆர்மிலும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் எதுவும் தளரவில்லை. அடுத்த முறை குனிந்து டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும்.